தாமதத்தின் பங்கீடு: இணையவழிச் சுடும் விளையாட்டுகளின் காலக் கணக்கு

முதல்நபர் சுடும் விளையாட்டு என்பது, திரையில் தெரியும் காட்சி முழுவதையும் ஆடுபவர் தம் பாத்திரத்தின் கண்வழியாகவே காணும்படி அமைத்து, நடப்பது, திரும்புவது, குறிவைப்பது, சுடுவது ஆகிய அனைத்தையும் அவர் கையில் ஒப்படைக்கும் கணினி விளையாட்டு வகையாகும். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடப்படும் கன்சோல் என்னும் தனிக்கணினியில், இணையத்தின் வழியாக, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பதினாறு பேர் இவ்வகை விளையாட்டு ஒன்றை ஒரே களத்தில் ஆடும்போது, அவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைக் காண்கிறார்கள் என்ற எண்ணம் இயல்பாகவே எழும். அந்த எண்ணம் பிழையானது. பதினாறு திரைகளில் ஓடுவன பதினாறு வெவ்வேறு கணங்கள். ஒருவர் திரையில் உயிரோடு ஓடிக்கொண்டிருப்பவர் இன்னொருவர் திரையில் ஏற்கெனவே வீழ்ந்திருக்கலாம். இந்தக் கணங்களுக்கு இடையிலான இடைவெளியை எந்தப் பொறியியலாலும் அழிக்க முடியாது. அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றித்தர மட்டுமே முடியும். ஆகவே இவ்விளையாட்டுகளின் வலையமைப்பு அறிவியல் முழுவதையும், தாமதத்தை யார் தலையில் எவ்வளவு ஏற்றுவது என்ற ஒரே கேள்விக்குக் காலந்தோறும் தரப்பட்ட விடைகளின் வரலாறாகப் படிக்கலாம்.

இங்கே பேசப்படும் காலம் மிகச் சிறியது. எழுத்தின் ஒலிப்பு நேரத்தை அளக்கத் தொல்காப்பியம் கண்ணிமைப்பதையும் விரல் நொடிப்பதையும் அளவுகோலாகக் கொண்டு, அந்த அளவை மாத்திரை என்று வகுத்தது. கண் ஒருமுறை இமைக்க ஏறத்தாழ 100 முதல் 400 மில்லிவிநாடி வரை ஆகும் என்பது இன்றைய அளவீடு; மில்லிவிநாடி என்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2001ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் எக்ஸ்பாக்ஸ் கன்சோலோடு வெளிவந்த ‘ஹேலோ’ விளையாட்டும் அதன் தொடக்ககாலத் தொடர்ச்சிகளும் விநாடிக்கு 30 முறை தம் உலகைக் கணக்கிட்டு வரைந்தன. அதாவது ஒவ்வொரு 33 மில்லிவிநாடிக்கும் களத்தில் உள்ள ஒவ்வொருவரின் இருப்பிடமும் ஒவ்வொரு தோட்டாவின் போக்கும் புதிதாகத் தீர்மானிக்கப்பட்டன. 300 மில்லிவிநாடி நீளும் ஓர் இமைப்புக்குள் அந்த உலகம் ஒன்பது முறை மாறிவிடும். மனிதனுக்கு ஒரு மாத்திரையாகத் தோன்றும் இந்தக் கால அளவுக்குள்தான் இணையத்தின் தாமதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆட்டத்தின் வெற்றி தோல்வியும் பெரும்பாலும் அதற்குள்ளேயே முடிவாகிவிடுகிறது.

செய்தி பயணிக்கும் வேகம்

தாமதத்தின் அடித்தளம் இயற்பியல். வெற்றிடத்தில் ஒளி விநாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் செல்லும். ஆனால் இணையச் செய்திகளைச் சுமக்கும் கண்ணாடி இழைக்குள் அதன் வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து, விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலிசுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர் தொலைவு உள்ளதால், ஒரு செய்தி போய்ச் சேர 20 மில்லிவிநாடியும், மறுமொழி திரும்பி வர மேலும் 20 மில்லிவிநாடியும் எப்படியும் ஆகும். சென்னையில் ஆடும் ஒருவர் சிங்கப்பூரிலுள்ள கணினியோடு தொடர்பு கொண்டால், சுமார் 2,900 கிலோமீட்டர் தொலைவு அவருக்குக் குறைந்தது 29 மில்லிவிநாடியைச் சுங்கமாக விதிக்கும். இப்படிச் செய்தி போய் வர ஆகும் மொத்த நேரத்தைத்தான் ஆடுபவர்கள் ‘பிங்’ என்கிறார்கள். அது மிகுந்து ஆட்டம் தடுமாறும் நிலையை ‘லேக்’ என்கிறார்கள்.

மேலே சொன்னவை எவராலும் மீற முடியாத கீழெல்லைகள். நடைமுறையில் கம்பிகள் நேர்கோட்டில் செல்வதில்லை. வழியிலுள்ள ஒவ்வொரு சந்திப்புக் கருவியும் செய்தியை வாங்கி, முகவரி பார்த்து, வரிசையில் நிறுத்தி அனுப்புகிறது. வீட்டுக்குள் கம்பியில்லா இணைப்பு இருந்தால் அதுவும் தன் பங்குக்குச் சில மில்லிவிநாடிகளைச் சேர்க்கிறது. இவற்றால் பிங் கூடுவது மட்டுமன்றி, ஒரு செய்திக்கு 50, அடுத்ததற்கு 80, அதற்கடுத்ததற்கு 55 மில்லிவிநாடி என்று அது ஊசலாடவும் செய்கிறது. ஜிட்டர் எனப்படும் இந்த ஊசலாட்டம், நிலையான பெரிய தாமதத்தைக் காட்டிலும் அதிகத் தொல்லை தருவது. ஏனெனில் நிலையான தாமதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கையும் மூளையும் விரைவில் பழகிவிடும், மாறிக்கொண்டே இருப்பதற்கு அவ்வாறு பழக முடிவதில்லை.

செய்தியை அனுப்பும் முறையிலும் ஒரு தேர்வு இருக்கிறது. இணையத்தில் தரவு சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பப்படுகிறது. மின்னஞ்சலும் வலைப்பக்கங்களும் நெடுங்காலமாக நம்பிவந்த டிசிபி என்னும் நெறிமுறை, ஏதேனும் ஒரு பொட்டலம் வழியில் தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும் வரை பின்னால் வந்தவற்றை வாசலிலேயே நிறுத்திவைக்கும். கடிதத்துக்கு இது நன்மை. சுடும் விளையாட்டுக்குத் தீமை. எதிராளி பத்தில் ஒரு விநாடிக்கு முன் எங்கே நின்றார் என்ற பழைய செய்திக்காக, அவர் இப்போது எங்கே நிற்கிறார் என்ற புதிய செய்தியைக் காக்கவைப்பதில் பொருளில்லை. எனவே இவ்விளையாட்டுகள், 1980இல் வரையறுக்கப்பட்டதும் தொலைந்ததைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்ததை அனுப்பிக்கொண்டே இருப்பதுமான யுடிபி நெறிமுறையைக் கையாள்கின்றன. தொலைந்தது இன்றியமையாததா, கைவிடத்தக்கதா என்று முடிவுசெய்யும் பொறுப்பு இதனால் விளையாட்டை எழுதுபவரின் கைக்கு வந்துவிடுகிறது.

நடுவர் யார்?

வலையமைப்பு வழியாக ஆடப்பட்ட தொடக்ககாலச் சுடும் விளையாட்டுகளில் தாமதம் அனைவருக்கும் சமமாகப் பகிரப்பட்டது. 1993இல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘டூம்’ விளையாட்டில், ஒவ்வொரு கணினியும் தன் ஆட்டக்காரர் அழுத்திய பொத்தான்களை மற்றக் கணினிகள் எல்லாவற்றுக்கும் அனுப்பி, அவற்றிடமிருந்து வரவேண்டியவை அனைத்தும் வந்த பிறகே உலகை ஓர் அடி முன்னகர்த்தியது. எல்லாக் கணினிகளும் ஒரே உள்ளீட்டிலிருந்து ஒரே கணக்கைச் செய்ததால் எல்லாத் திரைகளும் ஒத்திருந்தன. ஆனால் நால்வரில் ஒருவரின் இணைப்பு மந்தமானால் நால்வருமே மந்தமானார்கள். ஓர் அலுவலகத்துக்குள் அல்லது கல்லூரி விடுதிக்குள் ஓடும் கம்பிக்கு இது பொருந்தியது. நாடு முழுவதும் பரந்த தொலைபேசி இணைப்புகளுக்குப் பொருந்தவில்லை.

1996இல் வந்த ‘குவேக்’ வேறு வழியைக் கொண்டது. அதில் ஒரு கணினி சேவையகமாக, அதாவது நடுவராக, அமர்ந்து உண்மையான ஆட்டத்தை நடத்தும். மற்றவை தங்கள் விருப்பங்களை அதனிடம் தெரிவித்து, அது சொல்லும் முடிவுகளைத் திரையில் வரையும். ஒருவரின் மந்தம் பிறரைப் பாதிக்காது என்பது இம்முறையின் சிறப்பு. ஆனால் அவரவர் தாமதத்தை அவரவரே முழுமையாகச் சுமக்க வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்திய பின், செய்தி நடுவரிடம் போய் முடிவு திரும்பும் வரை, தம் பாத்திரம் அசையாமல் நிற்பதைத் தொலைபேசி மோடம் வழியாக ஆடியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

கன்சோல்கள் இணையத்துக்கு வந்தபோது நடுவர் முறையே நிலைபெற்றிருந்தது. ஆனால் நடுவர் நாற்காலி இருந்த இடம் மாறியது. எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் தொலைபேசி மோடம் வைக்கப்படவில்லை. அகலப்பட்டை இணைப்புக்கான ஈதர்நெட் துளை மட்டுமே இருந்தது. அதற்கான எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவை 2002ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் தொடங்கியது. 2004 நவம்பர் 9ஆம் நாள் பஞ்ஜி நிறுவனத்தின் ‘ஹேலோ 2’ வெளிவந்தது. அந்த விளையாட்டில் ஆட்டக்காரர்களை ஒன்றுசேர்த்துக் கொடுக்கும் வேலையை மைய சேவை செய்தாலும், ஆட்டத்தை நடத்தும் வேலையை ஆடுபவர்களின் கன்சோல்களில் ஒன்றே செய்தது. ‘ஹோஸ்ட்’ எனப்பட்ட அந்தக் கன்சோலை இணைப்பின் தரத்தைப் பார்த்து அமைப்பே தேர்ந்தெடுத்தது. அதன் உரிமையாளர் நடுவில் விலகினால் நடுவர் பொறுப்பு வேறொரு கன்சோலுக்கு மாற்றப்பட்டது.

இந்த ஏற்பாடு செலவு குறைந்தது. ஆனால் நடுவர் வீட்டுப் பிள்ளைக்குத் தாமதமே கிடையாது. ஹோஸ்டாக அமைந்தவரின் பிங் சுழியம். அவர் பார்ப்பதே உண்மை, அவர் சுட்டதே சுட்ட கணம். இதன் கடைசி எல்லையை அக்காலத்து ஏமாற்று வித்தை ஒன்று காட்டியது. சில கேபிள் மோடம்களில் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பொத்தான் ஒன்று இருந்தது. ஹோஸ்டாக இருப்பவர் அதை அழுத்தியதும் மற்றவர்கள் திரையில் எல்லாம் உறைந்துபோகும். அவருடைய கன்சோலுக்குள் மட்டும் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். தொடர்பு முற்றிலும் அறுந்துவிட்டதாக அமைப்பு முடிவுகட்டுவதற்கு முன் அவர் வேண்டியதைச் செய்துவிட்டுப் பொத்தானை விடுவிப்பார். கடிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் தீர்ப்பும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு சோதனைச்சாலையும் மெய்ப்பித்திருக்க முடியாது. நடுவர் பொறுப்பைப் போட்டியாளர்களிடமிருந்து பிரித்து, அதற்கெனவே தரவு மையங்களில் அமர்த்தப்பட்ட தனிச் சேவையகங்களுக்கு ஹேலோ தொடர் பின்னாளில் மாறியது. அதன்பின் சுழியப் பிங் எவருக்கும் இல்லை; சேவையகத்துக்கு அருகில் குடியிருப்பவருக்குச் சிறு நன்மை மட்டும் எஞ்சியது.

முன்கணிப்பு என்னும் நற்பொய்

நடுவரின் பதிலுக்குக் காத்திருக்கும் கொடுமையைத் தீர்க்க, குவேக் விளையாட்டை எழுதிய ஜான் கார்மாக் அதே 1996இல் ‘குவேக்வேர்ல்ட்’ என்ற மறுவடிவில் ஒரு வழியைக் கொண்டுவந்தார். ஆடுபவர் முன்னோக்கி நடக்கும் பொத்தானை அழுத்தினால் நடுவர் என்ன சொல்வார் என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான். சுவர் எங்கே, நடைவேகம் என்ன என்பதெல்லாம் அவருடைய கணினிக்கும் தெரியும். எனவே அது நடுவருக்குச் செய்தி அனுப்பிய கையோடு, பதிலை எதிர்பார்க்காமல், பாத்திரத்தை நகர்த்திக் காட்டிவிடுகிறது. இதற்கு முன்கணிப்பு என்று பெயர்.

கணிப்பு தவறினால் திருத்துவதற்கும் வழி உண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் வரிசை எண் இடப்படுகிறது. நடுவரின் பதில் வரும்போது, அது எத்தனையாவது கட்டளை வரைக்குமான தீர்ப்பு என்பதைப் பார்த்து, பாத்திரத்தை அந்தத் தீர்ப்பு சொல்லும் இடத்தில் வைத்து, அதற்குப் பின் கொடுத்த கட்டளைகளை மறுபடி ஒருமுறை கணப்பொழுதில் ஓட்டிப் பார்க்கிறது கணினி. வழியில் வேறொருவர் குறுக்கிடாதிருந்தால் இரு கணக்கும் ஒத்துப்போகும், ஆடுபவர் எதையும் உணரமாட்டார். குறுக்கிட்டிருந்தால், ரப்பர்க் கயிற்றில் கட்டி இழுத்ததுபோல் பாத்திரம் பின்னுக்கு இழுக்கப்படும்.

தம்முடைய அசைவைக் கணிக்கலாம். அடுத்தவர் மனத்தைக் கணிக்க முடியாது. எதிராளி அடுத்த கணம் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது அவருக்கே உறுதியில்லாதபோது, அவர் சென்றுகொண்டிருந்த திசையிலேயே நீட்டி வரைந்தால், அவர் திரும்பும்போதெல்லாம் திரையில் அவர் உருவம் தாவிக் குதிக்கும். ஆகவே பல விளையாட்டுகள் எதிராளிகளை வேண்டுமென்றே சற்றுப் பிந்திய காலத்தில் காட்டுகின்றன. வந்து சேர்ந்த கடைசி இரண்டு இருப்பிடங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே சீராக நகர்த்தி வரைவதால் அசைவு வழுக்கலாகத் தெரிகிறது, ஜிட்டரும் மறைகிறது. ஆனால் ஆடுபவரின் ஒரே திரையில் இப்போது இரண்டு காலங்கள் இருக்கின்றன: அவர் தம்மை நிகழ்காலத்தில் காண்கிறார், பகைவரைக் கடந்த காலத்தில் காண்கிறார்.

இந்த இடைவெளி கற்பனையானதன்று. நடுவரிடமிருந்து செய்தி வர 50 மில்லிவிநாடியும், சீராக வரைவதற்காகப் பிடித்துவைக்கும் நேரம் 100 மில்லிவிநாடியும் ஆகின்றன என்று கொண்டால், விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும் எதிராளி, திரையில் தெரியும் இடத்தைவிட 90 சென்டிமீட்டர் தள்ளியே நடுவரின் களத்தில் இருக்கிறார். மனித உடலின் அகலம் ஏறத்தாழ அரை மீட்டர்தான் என்பதால், குறுக்கே ஓடுபவரின் நெஞ்சைத் துல்லியமாகக் குறிபார்த்துச் சுட்ட தோட்டா, நடுவரின் கணக்கில் வெறும் காற்றைத்தான் துளைத்திருக்கும்.

காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் நடுவர்

இதற்கான தீர்வை வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். அந்நிறுவனத்தின் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டில் அது நடைமுறைப்படுத்தப்பட்டது. நடுவர் கணினி, களத்தில் உள்ள எல்லோரும் அண்மைக் கணங்களில் எங்கெங்கே நின்றார்கள் என்ற வரலாற்றை நினைவில் வைத்துக்கொள்கிறது. சுட்டேன் என்ற செய்தி ஒருவரிடமிருந்து வந்ததும், அவருடைய பிங் எவ்வளவு, அவர் திரை எவ்வளவு பிந்தி ஓடுகிறது என்பதைக் கொண்டு, சுட்ட கணத்தில் அவர் திரையில் தெரிந்த காட்சி எது என்று கணித்து, மற்ற எல்லோரையும் அந்தப் பழைய இடங்களுக்குத் திருப்பி நிறுத்துகிறது. தோட்டா படுகிறதா என்று சோதித்துவிட்டு, மீண்டும் நிகழ்காலத்துக்கு அனைவரையும் கொண்டுவருகிறது. தாமத ஈடுசெய்தல் என்று இதைக் கூறலாம். சுட்டவர் கண்டது கண்டபடியே ஒப்புக்கொள்ளப்படுவதால், அவர் குறி வீணாவதில்லை.

ஆனால் கடன் தீரவில்லை, கை மாறியிருக்கிறது. சுடப்பட்டவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், அவர் திறந்த வெளியைக் கடந்து சுவருக்குப் பின்னால் பாதுகாப்பாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பின் திடீரென்று வீழ்கிறார். அவர் சுவரை அடைந்தது உண்மை. சுட்டவரின் திரையில் அவர் இன்னும் அடையவில்லை என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளில் சுட்டவரின் உண்மையையே சட்டமாகக் கொள்வது என்று விளையாட்டை அமைத்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். குறிபார்த்துச் சுட்டும் படவில்லை என்பது ஒவ்வொரு முறையும் கண்ணில் படும் அநீதி. சுவருக்குப் பின் சாவது எப்போதாவது நேரும் அநீதி. இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே இந்தத் தேர்வின் நியாயம். பிங் மிகப் பெரிதாக உள்ள ஒருவருக்காக மற்றவர்களின் காலத்தை அளவின்றிப் பின்னோக்கித் திருப்ப முடியாது என்பதால், இந்தத் திருப்பலுக்கு ஒரு வரம்பும் வைக்கப்படுகிறது.

மூலையில் ஒளிந்து காத்திருப்பவரைவிட, மூலையைச் சுற்றிப் பாய்ந்து வருபவருக்குக் கிடைக்கும் சிறு நன்மைக்கும் திரைகளுக்கு இடையிலான இந்தக் கால இடைவெளியே காரணம். பாய்ந்து வருபவரின் அசைவை அவர் கன்சோல் முன்கணித்து உடனே காட்டிவிடுவதால், அசையாமல் நிற்பவரை அவர் அக்கணமே காண்கிறார். நிற்பவரோ, வருபவரின் செய்தி நடுவரிடம் போய், அங்கிருந்து தம்மிடம் வந்து, சீராக வரையப்பட்ட பிறகே அவரைக் காண்கிறார். பதுங்கியிருப்பவனே வெல்வான் என்ற உலகியல் அறிவு இங்கே தலைகீழாகிவிடுகிறது.

இதை நோக்கும்போது மனித உடலும் நினைவுக்கு வரவேண்டும். நரம்பு வழியாகச் செய்தி செல்ல நேரம் பிடிக்கும் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850ஆம் ஆண்டிலேயே தவளையின் நரம்பில் அளந்து காட்டினார். ஒளி ஒன்றைக் கண்டு பொத்தானை அழுத்த மனிதருக்கு இயல்பாக 200 முதல் 250 மில்லிவிநாடி ஆகும். எதிரே தோன்றியவரைச் சுடும் செயலில் ஆடுபவரின் நரம்பும் தசையும் சேர்க்கும் தாமதம், பெரும்பாலும் இணையம் சேர்ப்பதைவிட மிகுதி. ஆயினும் அது இருவருக்கும் ஏறத்தாழ ஒத்திருப்பதால் எவரும் அதை அநீதி என்பதில்லை.

கையெறி குண்டுக்குள் ஒளிந்த தாமதம்

தாமதத்தை மனிதர்களுக்கிடையே பங்கிடுவதோடு நில்லாமல், ஒரு செயலுக்குள்ளேயே எங்கே வைத்தால் உறுத்தாது என்றும் தேடலாம். 2010 செப்டம்பரில் வந்த ‘ஹேலோ: ரீச்’ விளையாட்டின் வலையமைப்பை விளக்கி, பஞ்ஜி நிறுவனத்தின் டேவிட் ஆல்ட்ரிட்ஜ் 2011இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஆற்றிய உரை இதற்கு நல்ல சான்று. கையெறி குண்டு வீசுவதை எடுத்துக்கொண்டால், பொத்தானை அழுத்தியபின் நடுவரின் ஒப்புதல் வரும் வரை கையே அசையாமல் இருந்தால் ஆட்டம் பசைபோல் ஒட்டுகிறது. ஒப்புதல் கேட்காமல் குண்டையே உருவாக்கிவிட்டால், வீசியவர் அதற்குள் சாய்க்கப்பட்டிருந்தாரானால், இல்லாத குண்டு ஒன்று அவர் திரையில் பறந்துகொண்டிருக்கும். எனவே கையை ஓங்கும் அசைவு பொத்தானை அழுத்தியவுடனே அவர் கன்சோலில் தொடங்கிவிடுகிறது. உண்மையான குண்டை நடுவர் மட்டுமே உருவாக்குகிறார். கை வீசுவதற்கும் குண்டு கண்ணில் படுவதற்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் தாமதம் ஒளித்துவைக்கப்படுகிறது. பொத்தானுக்கும் கைக்கும் இடையில் எரிச்சலூட்டும் அதே தாமதம், கைக்கும் குண்டுக்கும் இடையில் கவனத்துக்கே வருவதில்லை.

அனுப்பும் தரவையும் இதே நோக்கில் வரிசைப்படுத்துகிறார்கள். பதினாறு பேர், ஊர்திகள், சிதறிக் கிடக்கும் ஆயுதங்கள் என அனைத்தின் நிலையையும் ஒவ்வோர் அடியிலும் அனைவருக்கும் அனுப்பினால் வீட்டு இணைப்பு திணறிவிடும். ஆகவே ஒருவருக்கு அருகிலுள்ளவையும் அவர் பார்க்கும் திசையில் உள்ளவையும் அடிக்கடி அனுப்பப்படுகின்றன. முதுகுக்குப் பின்னால் தொலைவில் கிடக்கும் துப்பாக்கி எப்போதாவது அனுப்பப்படுகிறது. கவனம் இல்லாத இடத்தில் சிக்கனம் பிடிப்பதே இதன் அடிப்படை.

கட்டைவிரலுக்குக் கிடைக்கும் துணை

கன்சோல் ஆட்டத்துக்கே உரிய வேறொரு சிக்கல் கையில் இருக்கிறது. கணினிச் சுட்டியை எவ்வளவு தூரம் நகர்த்தினோமோ அவ்வளவு கோணம் பார்வை திரும்பும். கன்சோலின் கைக்கருவியில் உள்ள குச்சியைக் கட்டைவிரலால் எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகத்தில் பார்வை திரும்பிக்கொண்டே இருக்கும். முன்னதில் கை நகர்ந்த தூரம் பார்வை திரும்பும் கோணமாகிறது. பின்னதில் விரலின் சாய்வு பார்வை திரும்பும் வேகமாகிறது, சரியான கணத்தில் விரலை விடுவித்தால்தான் குறி நிற்கும். விநாடிக்கு 180 பாகை வேகத்தில் திரும்பும்போது, 33 மில்லிவிநாடியாகிய ஒரே ஒரு சட்டகம் பிந்தி விடுவித்தால் பார்வை 6 பாகை தாண்டிப் போய்விடும். 20 மீட்டர் தொலைவில் நிற்கும் அரை மீட்டர் அகல உருவம் கண்ணில் பிடிக்கும் கோணமோ 1.4 பாகைதான்.

அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் வெளியிட்ட விதி இங்கே உதவுகிறது. ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், இலக்கின் தொலைவு இரட்டிக்கும்போதும் அதன் அகலம் பாதியாகும்போதும் ஒரே அளவு கூடுகிறது என்பது அந்த விதியின் சாரம். அப்படியானால், தொலைவைக் குறைக்க முடியாத நிலையில், இலக்கின் அகலத்தைக் கைக்கு மட்டும் பெரிதாக்கிக் காட்டினால் போதும். திரையிலுள்ள குறிமுனை எதிராளியின் மேல் வரும்போது பார்வை திரும்பும் வேகத்தைக் குறைப்பது, எதிராளி நகரும்போது பார்வையையும் மெல்லக் கூடவே இழுத்துச் செல்வது, குறி சற்றே விலகினாலும் தோட்டாவை உடலை நோக்கி வளைப்பது ஆகிய மூன்று உத்திகளையும் ஹேலோ தொடர் கையாண்டது. கண்ணுக்கு உருவம் அதே அளவில் தெரிகிறது. விரலுக்கு மட்டும் அது அகன்றிருக்கிறது. ‘எய்ம் அசிஸ்ட்’ என்று ஆடுபவர்கள் கூறும் இந்தத் துணை, அவரவர் கன்சோலில், அவரவர் காணும் பிந்திய காட்சியின் மேல்தான் வேலை செய்கிறது. ஆதலால் சுட்டவர் கண்டதை நடுவர் ஒப்புக்கொள்ளும் முறை இல்லாவிட்டால், இணையத்தில் இந்தத் துணை எதிராளி விட்டுச்சென்ற வெற்றிடத்தையே பற்றிக்கொண்டிருக்கும்.

நிகரான எதிராளியைத் தேர்தல்

தாமதத்தை எவ்வளவு நேர்மையாகப் பங்கிட்டாலும், நேற்றுத் தொடங்கியவரையும் பத்தாண்டுப் பழக்கமுள்ளவரையும் எதிரெதிரே நிறுத்தினால் ஆட்டம் ஆட்டமாக இராது. ஆடுபவர்களை அமைப்பே பொருத்தித் தரும் மேட்ச்மேக்கிங் முறையைக் கன்சோலில் பரவலாக்கியது ஹேலோ 2. அதற்கு அடிப்படையான திறன் கணக்கை, சதுரங்கத்தில் அர்பாட் எலோ வகுத்ததும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டதுமான மதிப்பெண் முறையிலிருந்து வளர்த்தெடுக்க வேண்டியிருந்தது. சதுரங்கம் இருவர் ஆட்டம்; இங்கோ நால்வர் நால்வராக, எண்மர் எண்மராக அணிகள் மோதுகின்றன. அணி வென்றது என்பதிலிருந்து அணியினர் ஒவ்வொருவரின் திறனையும் பிரித்தறிய வேண்டும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ரால்ஃப் ஹெர்பிரிக், டாம் மின்கா, தோரே கிரேப்பல் ஆகியோர் உருவாக்கிய ‘ட்ரூஸ்கில்’ முறை, ஒருவரின் திறனை ஒரே எண்ணாகக் கொள்ளாமல் இரண்டு எண்களாகக் கொள்கிறது: ஒன்று திறனின் மதிப்பீடு, மற்றொன்று அம்மதிப்பீட்டில் உள்ள ஐயத்தின் அளவு. புதியவர் எவரும் 25 என்ற மதிப்பீட்டோடும் 8.33 என்ற ஐயத்தோடும் தொடங்குகிறார். வெளியே காட்டப்படும் தரநிலை, மதிப்பீட்டிலிருந்து ஐயத்தின் மும்மடங்கைக் கழித்துப் பெறப்படுவதால், அது தொடக்கத்தில் சுழியமாகிறது. எதிர்பார்த்த முடிவு வந்தால் எண்கள் சிறிதே நகர்கின்றன. எதிர்பாராத முடிவு வந்தால் பெரிதும் நகர்கின்றன. ஆட ஆட ஐயம் சுருங்குகிறது. இம்முறையை ஹேலோ 2 விளையாட்டின் முன்னோட்டப் பதிப்பில் கிடைத்த ஆட்ட முடிவுகளைக் கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். 2007இல் வந்த ‘ஹேலோ 3’ அதைப் பயன்படுத்தி ஆடுபவர்களை 1 முதல் 50 வரை தரப்படுத்தியது.

ஒருவரின் திறனைக் கண்டறிய எத்தனை ஆட்டம் தேவை என்பதற்கு ஆய்வகம் தந்த கணக்கு சிந்திக்கத்தக்கது. ஒருவரோடொருவர் மோதும் ஆட்டத்தில் 12 போதும். நால்வர் அணிகளுக்கு 46 வேண்டும். எண்மர் அணிகளுக்கு 91 வேண்டும். காரணம் எளிது. இரு அணிகள் மோதினால் கிடைப்பது வெற்றியா தோல்வியா என்ற ஒற்றைச் செய்திதான். அந்த ஒன்றைப் பதினாறு பேருக்குப் பகிர்ந்தால் ஒவ்வொருவரைப் பற்றியும் தெரியவருவது மிகக் குறைவு.

பொருத்தித் தரும் அமைப்பு ஒன்றையொன்று எதிர்க்கும் மூன்று விருப்பங்களை ஒருங்கே நிறைவேற்ற வேண்டியிருக்கிறது: எதிராளி நிகரானவராக இருக்கவேண்டும், அருகில் இருக்கவேண்டும், விரைவில் கிடைக்கவேண்டும். நள்ளிரவில், ஆடுபவர் குறைந்த பகுதியில், மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு இம்மூன்றும் சேர்ந்து கிடைப்பதில்லை. நிகரானவரைத் தேடித் தொலைவுக்குப் போனால் பிங் ஏறும். அருகிலேயே தேடினால் திறன் பொருந்தாது. இரண்டையும் வற்புறுத்தினால் காத்திருக்க நேரிடும். மில்லிவிநாடிகளில் மறுக்கப்பட்ட தாமதம் இங்கே நிமிடங்களாக உருமாறி வந்து நிற்கிறது.

பழைய எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்கான இணைய சேவை 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் நிறுத்தப்பட்டது. புதிதாக எவரும் உள்ளே நுழைய முடியாத நிலையில், ஏற்கெனவே இணைந்திருந்த ஹேலோ 2 ஆட்டக்காரர்கள் சிலர் தங்கள் கன்சோல்களை அணைக்காமல் விட்டுவைத்தார்கள். நடுவர் தொலைவிலுள்ள தரவு மையத்தில் இல்லாமல் அவர்களுள் ஒருவரின் கன்சோலிலேயே இருந்ததால், அவர்களால் ஆடிக்கொண்டிருக்க முடிந்தது. கன்சோல்களும் இணைப்புகளும் ஒவ்வொன்றாக அற்றுப்போக, மே மாதம் இரண்டாம் வாரத்தில் கடைசி ஆட்டக்காரரும் வெளியேறினார். ஹோஸ்டின் சலுகை என்று பலகாலம் பழிக்கப்பட்ட அதே அமைப்பு, சேவை முடிந்த பின்னும் அந்தச் சிலருக்கு நான்கு வாரத்துக்குச் சற்றே குறைவாக ஒரு பொதுவான ‘இப்போது’வைக் காத்துக் கொடுத்தது. அவர்கள் திரைகளில் அப்போதும் ஓடியவை வெவ்வேறு கணங்கள்தான். ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டும், நடுவராய் அமைந்த ஒரு கன்சோலின் கணக்கை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டும் இருந்தவரை, அவை ஒரே ஆட்டமாக இருந்தன.